பிரிட்டனைப் படமில்லாமல், எழுத்தால் காட்டுவது எப்படி

பிரிட்டன் பற்றிச் சுவரொட்டி செய்து தரச் சொல்லி யாராவது வந்தால், பிக் பென் கடிகாரம், சிவப்பு டபுள் டெக்கர் பஸ், யூனியன் ஜாக் கொடி மூன்றையும் முதலில் ஒதுக்கி வையுங்கள். அவை சுற்றிப் பார்க்க வந்தவரின் பிரிட்டன். அங்கே பிறந்து வளர்ந்து, காலையில் பால் வாங்கி, மழையில் பஸ்ஸுக்கு நின்று, சாயங்காலம் மீனும் சிப்ஸும் கட்டிக்கொண்டு வீடு திரும்புகிறவர் தினமும் பார்ப்பது எழுத்துகளைத்தான். நடைமேடைப் பலகை, தெருப்பெயர், தபால்பெட்டி, கடைக் கதவில் ஒட்டிய சீட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல் இருக்கிறது. அந்தக் குரலைப் பிடித்துவிட்டால் படம் தேவைப்படாது.

மதுரையில் இந்த வேலை இப்போது நிறைய வருகிறது. ஐஇஎல்டிஎஸ் பயிற்சி நிலையங்கள், வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பும் ஏஜென்சிகள், கே.கே. நகர்ப் பக்கம் திறக்கும் காபிக் கடைகள், கல்லூரி ஆங்கிலத் துறைகள். என் அப்பா தெற்கு மாசி வீதித் துணிக்கடைகளுக்குப் போர்டு எழுதியவர். நான் தல்லாகுளத்தில் டிசைன் கடை வைத்திருக்கிறேன். போன கல்வியாண்டில் ஒரு கல்லூரியின் நடைபாதைக்கு எட்டுச் சுவரொட்டிகள் செய்து கொடுத்தேன். எல்லாமே எழுத்துதான், ஒரு படம்கூடக் கிடையாது. அதை எப்படிச் செய்வது என்று என்னிடம் வேலை கற்கும் பிள்ளைகளுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம் ஊரைப் படியுங்கள்

பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து டவுன் ஹால் ரோடு வழியாக நடந்து, கோயிலைச் சுற்றிக்கொண்டு விளக்குத்தூண் வரை போங்கள். கோபுரத்தைப் பார்க்காதீர்கள், எழுத்தை மட்டும் படியுங்கள். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் இறந்தவர் பெயர் எந்த அளவில் இருக்கிறது, பேரப்பிள்ளைகள் பெயர் எந்த வரிசையில் வருகிறது என்று பாருங்கள். காதணி விழா ஃப்ளெக்ஸில் தாய்மாமன் பெயருக்கு மட்டும் ஏன் அத்தனை மஞ்சளும் அவுட்லைனும்? டீக்கடைத் தூணில் சாக்பீஸால் எழுதிய கடன் எச்சரிக்கை ஏன் அவ்வளவு சின்னதாக, ஆனால் கல்லாவுக்கு நேர் எதிரே? யாருக்கு யார் என்ன முறை, யார் யாருக்கு எவ்வளவு மரியாதை தர வேண்டும் என்பதெல்லாம் எழுத்தின் அளவிலும் இடத்திலுமே தெரிந்துவிடும். இதை இங்கே பார்க்கப் பழகிய கண்தான் அங்கேயும் பார்க்கும்.

இன்னொன்றையும் அந்த நடையிலேயே கவனிக்கலாம். விளக்குத்தூண், 1840களில் மதுரைக் கோட்டைச் சுவரை இடிக்கவைத்த கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக நிற்பது. அந்த வேலையில் இருந்த சர்வேயர் மாரட், மேஸ்திரி பெருமாள் இருவர் பெயரும் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று இன்றும் முகவரிகளில் வருகின்றன. பிரிட்டிஷ்காரர்களின் வாழ்க்கை நமக்குத் தூரத்துக் கதை இல்லை. அதனால் இந்தச் சுவரொட்டிகளை வாய்பிளந்த வியப்போடும் செய்ய வேண்டாம், வெறுப்போடும் செய்ய வேண்டாம். அண்டை வீட்டுக்காரரைக் கவனிக்கிற கவனம் போதும்.

வாக்கியம் முதலில், எழுத்துரு பிறகு

கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன் ஒரு நோட்டில் வாக்கியங்களைச் சேருங்கள். பிரிட்டனில் யாராவது சொந்தக்காரர் இருந்தால் நல்லது. இந்தக் காலத்தில் அநேகமாக எல்லா வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கும் என் சித்தி மகனிடம் கேட்டேன்: "அழகான இடமெல்லாம் வேண்டாம் தம்பி. நீ தினமும் நின்னு படிக்கிற பலகை இருக்குல்ல, அதை மட்டும் அனுப்பு." பஸ் ஸ்டாப் கால அட்டவணை, எந்தக் கிழமை எந்த நிறக் குப்பைத் தொட்டியை வெளியே வைக்க வேண்டும் என்ற கவுன்சில் அறிவிப்பு, மருந்துக்கடைக் கதவு, காசு போட்டுத் துணி துவைக்கும் கடையின் விதிமுறைகள் என்று அனுப்பினான். எந்தச் சுற்றுலாப் புத்தகமும் தராத பொருள் அது.

என் நோட்டில் சேர்ந்தவற்றில் சில: மைண்ட் த கேப். கிவ் வே (வழி விடச் சொல்லும் சாலைப் பலகை). ப்ளீஸ் க்யூ ஹியர். ஸாரி, வி ஆர் க்ளோஸ்ட். மைண்ட் யுவர் ஹெட் (பழைய மதுக்கடைகளில் தாழ்ந்த உத்தரத்தில் எழுதியிருப்பது). கேஷ் ஒன்லி. டூ பைண்ட்ஸ், ப்ளீஸ் (பால்காரருக்கு எழுதி வைக்கும் சீட்டு).

சேர்ந்ததும் குரல் வாரியாகப் பிரியுங்கள். பொது நிர்வாகத்தின் குரல், கடைக்காரரின் குரல், வீட்டுக்குள் எழுதும் கையின் குரல். மூன்றும் மூன்று விதம். நிர்வாகத்தின் குரல் அங்கே தாழ்ந்து பேசும்; அதட்டாது, ஆனால் மாற்றிக்கொள்ளவும் செய்யாது. கடைக்காரர் உரக்கப் பேசுவார். வீட்டுக் கை அவசரத்தில் எழுதும். எட்டுச் சுவரொட்டியும் ஒரே அமைதியான சான்ஸ் எழுத்தில் (கோட்டு நுனிகளில் கட்டை இல்லாத வகை) இருந்தால் பார்ப்பதற்கு நேர்த்தியாக இருக்கும், ஆனால் அது பாதி பிரிட்டன்தான்.

ரயில் நிலையத்தின் எழுத்து

லண்டன் சுரங்க ரயிலுக்கென்று தனி எழுத்து வேண்டும் என்று அந்த ரயில் நிறுவனத்தின் அதிகாரி ஃபிராங்க் பிக் 1913இல் எட்வர்ட் ஜான்ஸ்டனிடம் கேட்டார். 1916இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. ஜான்ஸ்டன் அச்சுப்பட்டறை ஆள் இல்லை. அகல நிப் பேனாவால் எழுதி, எழுதக் கற்றுக்கொடுத்தவர். சிறிய ஐ, ஜே எழுத்துகளின் தலைப்புள்ளியைப் பாருங்கள். வட்டமாக இருக்காது, சாய்சதுரமாக நிற்கும். அகல நிப்பைச் சாய்த்துப் பிடித்து ஒருமுறை ஒற்றினால் வரும் புள்ளி அது. இயந்திர ஒழுங்குள்ள எழுத்தில் ஒரு மனிதக் கையின் தடம் அந்தப் புள்ளியில் தங்கியிருக்கிறது. பெரிய எழுத்துகளின் விகிதமோ ரோமானியக் கல்வெட்டுகளிலிருந்து வந்தது: ஓ முழு வட்டம், எஸ் குறுகல்.

ஜான்ஸ்டன் எழுத்தும், நடுவில் பட்டையோடு வரும் சிவப்பு வட்டச் சின்னமும் லண்டன் போக்குவரத்து நிறுவனத்துக்குச் சொந்தம். எடுத்துப் போட்டுவிடாதீர்கள். அந்தக் குடும்பச் சாயலில் பாப்லோ இம்பல்லாரி வரைந்த 'கேபின்' என்ற இலவச எழுத்துரு இருக்கிறது. அது போதும்.

'மைண்ட் த கேப்' 1960களின் கடைசியிலிருந்து நடைமேடைகளில் ஒலிக்கும் எச்சரிக்கை. வளைவான நடைமேடையில் நேரான ரயில்பெட்டி நின்றால் இடையில் சந்து விழும், அதற்காக வந்தது. சுவரொட்டியில் அந்த இடைவெளியை வரையக் கூடாது, விட வேண்டும். முதல் இரண்டு சொற்களை மேலே இறுக்கமாக வையுங்கள். மூன்றாவதைத் தாளின் அடியில் வையுங்கள். நடுவில் வெறும் வெள்ளை. மூன்று சொற்களும் ஒரே அளவு, ஒரே கனம். இடைவெளியைப் பெரிதாகக் காட்டுகிறேன் என்று மூன்றாவது சொல்லைச் சிவப்பாக்கினால் அது நம் ஊர் 'ஜாக்கிரதை' போர்டு ஆகிவிடும். அந்த எச்சரிக்கையின் தன்மையே குரலை உயர்த்தாமல் சொல்வதுதான்.

என்னிடம் வேலை பார்க்கும் பையன் இந்த இடத்தில் கேட்டான்: "அக்கா, இது பிரிட்டன்னு எப்படித் தெரியும்? கொடி ஒண்ணாவது ஓரத்துல வச்சிருவோமா?" வைக்க வேண்டாம். அந்த வெள்ளைத் தாளைத் தாங்கிக்கொள்ளும் தைரியம் வருகிறவரைக்கும் இந்த வேலை கைக்கு வராது.

கில் சான்ஸ் பற்றி ஒரு வார்த்தை. எரிக் கில் வரைந்து 1928இல் மோனோடைப் என்ற எழுத்துரு நிறுவனம் வெளியிட்ட எழுத்து. அதற்கு அடுத்த ஆண்டே எல்என்இஆர் ரயில் நிறுவனம் எடுத்துக்கொண்டது. 1935இல் தொடங்கிய பெங்குவின் புத்தகங்களின் மூன்று பட்டை அட்டைகளிலும் அதுதான். ஆரஞ்சு என்றால் நாவல், பச்சை என்றால் துப்பறியும் கதை. இருபதாம் நூற்றாண்டு பிரிட்டனை இந்த எழுத்து இல்லாமல் சொல்வது கடினம். ஆனால் கில் தன் மகள்களைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கியவர்; அவருடைய நாட்குறிப்புகளிலேயே அது இருக்கிறது, 1989இல் வெளியான வாழ்க்கை வரலாறு அதை வெளிக்கொண்டுவந்தது. பிள்ளைகள் நடமாடும் இடத்துச் சுவருக்கு அந்த எழுத்தை நான் வைப்பதில்லை. நீங்கள் உங்கள் முடிவை எடுங்கள், ஆனால் தெரிந்துகொண்டு எடுங்கள்.

சாலைப் பலகையில் கற்க வேண்டியது

இடைவெளி என்றால் என்ன என்று கற்க பிரிட்டனின் சாலைப் பலகைகளை மிஞ்சிய பாடம் எனக்குத் தெரியாது. 1950களின் கடைசியில் மோட்டார்வே நெடுஞ்சாலைகள் வந்தபோது, வேகமாக வரும் காரிலிருந்து படிக்கத் தக்க பலகை தேவைப்பட்டது. ஜாக் கின்னியரும் மார்கரெட் கால்வர்ட்டும் அந்த வேலையை எடுத்தார்கள். அதுவரை ஊர்ப்பெயர்கள் முழுக்கப் பெரிய எழுத்தில் இருந்தன. இவர்கள் முதல் எழுத்தைப் பெரிதாகவும் மற்றதைச் சிறிய எழுத்தாகவும் வைத்தார்கள். சிறிய எழுத்துகளில் மேலே ஏறுவதும் கீழே இறங்குவதுமாக ஒவ்வொரு ஊர்ப்பெயருக்கும் தனி உருவம் கிடைக்கும்; எழுத்தெழுத்தாகப் படிக்கும் முன்பே கண் உருவத்தை அடையாளம் கண்டுவிடும். 'டிரான்ஸ்போர்ட்' என்ற அந்த எழுத்தோடு, 1965 ஜனவரி 1 முதல் எல்லாச் சாலைகளுக்கும் புதிய பலகை முறை நடைமுறைக்கு வந்தது. மோட்டார்வேக்கு நீலம், முதன்மைச் சாலைக்குப் பச்சையில் மஞ்சள் எண், மற்றவற்றுக்கு வெள்ளை. பள்ளிக்கூடப் பலகையில் தம்பியின் கையைப் பிடித்துப் போகும் சிறுமியைக் கால்வர்ட் தன் சிறுவயதை வைத்தே வரைந்தார்.

அவர்கள் இடைவெளிக்கு வைத்த வழி, பலகை எழுதும் யாருக்கும் புரியும். ஒவ்வொரு எழுத்தையும் ஒரு ஓட்டின் மேல் வைத்தார்கள். ஓட்டின் அகலத்துக்குள்ளேயே அந்த எழுத்துக்குத் தேவையான இடப்பக்க, வலப்பக்க வெற்றிடம் அடங்கியிருக்கும். ஓடுகளை அடுத்தடுத்து வைத்தால் சரியான இடைவெளி தானாக வந்துவிடும். பலகையின் விளிம்பு, வரிகளுக்கு நடுவிலான தூரம் எல்லாவற்றையும் எழுத்தின் கோட்டுத் தடிமனைக் கொண்டே அளந்தார்கள். அடிக்கோல் தனியாகத் தேவையில்லை, எழுத்தே அளவுகோல்.

இதைக் கையால் ஒருமுறை செய்து பாருங்கள். கல்யாணப் பத்திரிகை அட்டையில் எழுத்துகளை வெட்டி ஒட்டி ஓடுகள் செய்யுங்கள். ஓ மாதிரி வட்ட எழுத்துக்கு இருபக்கமும் குறைவாக, ஐ மாதிரி நேர்க்கோட்டுக்கு அதிகமாக வெற்றிடம் விடுங்கள். 'கிவ் வே' இரண்டு சொல்லையும் அடுக்கி, அண்ணா நகர் 80 அடி ரோட்டில் ஒரு சுவரில் ஒட்டி, எதிர்ப்பக்கத்திலிருந்து பாருங்கள். ஏ, டபிள்யூ பக்கத்தில் வெற்றிடம் பெரிதாகத் தெரிகிறதா? அந்த எழுத்தின் ஓட்டு அட்டையை வெட்டிச் சரிசெய்யுங்கள். கம்ப்யூட்டரில் எழுத்திடைவெளியைச் சரிசெய்யும் கெர்னிங் பட்டனை அமுக்கிக் கற்பதைவிட இதில் சீக்கிரம் கண் திறக்கும்.

கடைக்காரர் உரக்கப் பேசும் பாதி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் எழுத்து வார்ப்பகங்களில் பெரிய கலகமே நடந்தது. அதுவரை எழுத்து என்றால் புத்தகத்துக்குத்தான். தொழிற்சாலைகள் பெருகி, லாட்டரி, நாடகம், ஏலம் எல்லாம் சுவரில் ஏறியபோது, தெருவில் கத்தும் எழுத்து வேண்டியிருந்தது. வயிறு பெருத்த ஃபேட் ஃபேஸ் வந்தது. காலில் தடித்த கட்டை வைத்த எழுத்தை வின்சென்ட் ஃபிகின்ஸ் கொண்டுவந்தார். 1816இல் நான்காம் வில்லியம் காஸ்லன் கட்டையே இல்லாத எழுத்தை மாதிரிப் புத்தகத்தில் காட்டினார். அச்சில் வந்த முதல் சான்ஸ் அதுதான். 1845இல் ராபர்ட் பெஸ்லியின் கிளாரண்டன். கட்டை உண்டு, ஆனால் மூலைகள் வளைந்து இறங்கும். வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்து மூன்று ஆண்டுப் பாதுகாப்பு வாங்கினார். அது முடிந்ததும் எல்லா வார்ப்பகமும் நகலெடுத்துவிட்டது.

மீன், சிப்ஸ் கடைக்கும் மதுக்கடைக்கும் இந்தக் குடும்பத்திலிருந்து எடுங்கள். சிப்ஸ் கடை விலைப்பட்டியல் ஒரு முழுச் சுவரொட்டிக்குத் தாங்கும்: காட், ஹேடக், மசித்த பட்டாணி, ஊறுகாய் முட்டை. பண்டத்தின் பெயர் இடது ஓரம், விலை வலது ஓரம், நடுவில் புள்ளி வரிசை. பவுண்டுக் குறி எண்ணுக்கு முன்னால், இடைவெளி இல்லாமல் ஒட்டி வரும். பழைய லத்தீன் எல் எழுத்தின் குறுக்கே கோடு போட்டது அந்தக் குறி. அதைக் கிளாரண்டன் கனத்தில் பெரிதாக வைத்தாலே தாள் நிறைந்துவிடும்.

மதுக்கடை எழுத்துக்கு மதுரையில் நமக்கு ஒரு சொத்து இருக்கிறது. ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன் போர்டு எழுதிய ஆர்டிஸ்டுகள். அவுட்லைன், ஷேடு, ஷேடுக்குள் இன்னொரு ஷேடு, வலது பக்கம் விழும் கனம் எல்லாம் அவர்கள் கையில் ஊறியது. விக்டோரியா காலத்து லண்டன் மதுக்கடைக் கண்ணாடியின் புகைப்படத்தை, அப்பாவோடு வேலை பார்த்த சித்தப்பாவிடம் காட்டினேன். "ஏ தாயி, இது நம்ம நகைக்கடை போர்டுதானே" என்று பிரஷ்ஷை எடுத்துவிட்டார். கண்ணாடியின் பின்பக்கம், எழுத்தை இடவலம் மாற்றி எழுதி, ஜெலட்டின் நீர் தடவித் தங்க ரேக்கு ஒட்டி, அதற்குப் பின்னால் கறுப்பு அடிக்கும் முறை அது. முன்னாலிருந்து பார்த்தால் எழுத்து நேராக மின்னும். ரேக்கு வேலை தஞ்சாவூர் ஓவியக்காரர்களுக்குப் புதிதில்லை. உங்கள் ஊரிலும் ஒரு பழைய போர்டு ஆர்டிஸ்ட் இருப்பார். அவரைத் தேடிப் போய் 'மைண்ட் யுவர் ஹெட்' என்ற மூன்று சொல்லை எழுதச் சொல்லுங்கள், கூலியைத் தயங்காமல் கொடுங்கள். அந்தச் சுவரொட்டியை எழுத்துருவால் செய்யவே வேண்டாம்.

பிரிட்டனின் புகழ்பெற்ற எழுத்துகளும் இப்படிப்பட்ட கைவேலையிலிருந்தே வந்தன. முதல் வில்லியம் காஸ்லன் துப்பாக்கிப் பூட்டுகளில் பூவேலை பொறித்தவர். ஜான் பாஸ்கர்வில் பர்மிங்காமில் கையெழுத்து கற்பித்தவர், கல்லில் எழுத்து வெட்டியவர்.

காதால் கேட்கும் ஊர்

எட்டில் எனக்கு மிகவும் பிடித்தது கடல் வானிலைச் சுவரொட்டி. பிபிசி ரேடியோ 4இல் கப்பல்களுக்கான வானிலை அறிக்கை வாசிப்பார்கள். பிரிட்டனைச் சுற்றியுள்ள கடலை 31 பகுதிகளாகப் பிரித்து, எப்போதும் ஒரே வரிசையில்: வைக்கிங், நார்த் உட்ஸிரா, சவுத் உட்ஸிரா, ஃபார்ட்டீஸ், குரோமார்ட்டி, ஃபோர்த், டைன், டாகர்... கடைசியில் சவுத்ஈஸ்ட் ஐஸ்லாந்து. அறிக்கை முழுவதும் 350 சொற்களுக்குள் அடங்க வேண்டும் என்பதால் வினைச்சொல் அநேகமாக இல்லாமலே போகும். காற்றின் திசை, காற்றின் வேகத்தைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் ஒரு எண், மழை, பார்வைத் தெளிவு. கப்பலே ஏறாதவர்கள் படுக்கையில் கிடந்து கேட்கிறார்கள். 2002இல் ஃபினிஸ்டர் என்ற பகுதியின் பெயரை மாற்றி, வானிலைத் துறையைத் தொடங்கிய ராபர்ட் ஃபிட்ஸ்ராயின் பெயரை வைத்தபோது வருத்தப்பட்டவர்கள் உண்டு.

இதற்கு நிஜ உலகத்தில் பலகை கிடையாது, குரல் மட்டும்தான். அதனால் எழுத்து உங்கள் விருப்பம். நான் லிப்ரே பாஸ்கர்வில் என்ற இலவச எழுத்துருவை எடுத்தேன். 31 பெயர்களும் ஒரே அளவு, சிறியதாக, வரிக்கு வரி நிறைய இடம் விட்டு. பெயர்களைக் கடல் வரைபட வடிவில் வளைத்து வைக்கத் தோன்றும், வைக்காதீர்கள். வாசிப்பவர் நேர்க்கோட்டில்தான் வாசிக்கிறார். வாசிக்கும் வேகத்தை வரி இடைவெளியால் காட்டுங்கள். சத்தமாகப் படித்துக்கொண்டே இடைவெளியைக் கூட்டிக் குறைத்தால் எங்கே நிற்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். அடியில் தமிழில் ஒரு வரி விளக்கம். நம் மீனவர்களுக்கு ஆகாசவாணி வாசிக்கும் கடல் வானிலையைக் கேட்டு வளர்ந்த ராமநாதபுரத்துப் பிள்ளைகள் அந்தக் கல்லூரியில் படிக்கிறார்கள். அவர்கள்தான் இந்தச் சுவரொட்டி முன் அதிக நேரம் நிற்கிறார்கள் என்று துறைத்தலைவர் சொன்னார்.

தபால்பெட்டியின் இரண்டு கோடு

பிரிட்டனின் சிவப்புத் தபால்பெட்டிகளில் அது வைக்கப்பட்ட காலத்து அரசர் அல்லது அரசியின் எழுத்துமுத்திரை வார்ப்பிலேயே இருக்கும். விக்டோரியாவுக்கு விஆர், ஜார்ஜுகளுக்கு ஜிஆர். தெருவில் நடந்தபடியே பெட்டியின் வயதைச் சொல்லலாம். இரண்டாம் எலிசபெத்துக்கு ஈஆர், நடுவில் ரோம எண் இரண்டு. ஸ்காட்லாந்தில் அந்த இரண்டு கோட்டை ஏற்கவில்லை. முதலாம் எலிசபெத் ஸ்காட்லாந்தை ஆண்டதே இல்லை, எனவே இவர் எங்களுக்கு எப்படி இரண்டாமவர் என்று கேட்டார்கள். எடின்பரோவில் இன்ச் என்ற பகுதியில் வைத்த பெட்டியை 1953இல் வெடிவைத்தே தகர்த்தார்கள். அதன்பிறகு ஸ்காட்லாந்தில் வைத்த பெட்டிகளில் முத்திரை எழுத்தே இல்லை, ஸ்காட்லாந்து மகுடம் மட்டும்.

'பிரிட்டன்' என்று ஒற்றையாகச் சொல்லிவிட முடியாது என்பதை மாணவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல பொருள் கிடைக்காது. சிவப்புத் தாள் இரண்டு. ஒன்றில் முத்திரை எழுத்துகள், இன்னொன்றில் அதே இடம் காலி. பக்கத்தில் பக்கமாக மாட்டுங்கள். அதேபோல் வேல்ஸ் பலகைகளில் வெல்ஷும் ஆங்கிலமும் சேர்ந்தே வரும். லண்டன் பிரிக் லேனில் தெருப்பெயர் வங்காளத்திலும் இருக்கிறது. ஈஸ்ட் ஹாம் மளிகைக்கடைகளில் தமிழ். தம்பி அனுப்பிய ஒரு கடைப் படத்தில் 'முருங்கைக்காய் வந்துவிட்டது' என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டியிருந்தார்கள். அதையும் ஒரு சுவரொட்டியாகச் செய்தேன். அதுவும் இன்றைய பிரிட்டனின் அன்றாடம்தான். அதை விட்டுவிட்டுச் செய்வது பொய்யான படம்.

வீட்டுக் குரலுக்குக் கையெழுத்து எழுத்துரு எதையும் தொடாதீர்கள். எல்லா 'ஏ' எழுத்தும் ஒன்றுபோலவே இருக்கும் சீட்டைப் பால்காரர் பார்த்ததில்லை. யாரையாவது பால்பாயிண்ட் பேனாவால் எழுதச் சொல்லி ஸ்கேன் செய்யுங்கள்.

'கீப் காம் அண்ட் கேரி ஆன்' என்ற போர்க்காலச் சுவரொட்டி வாசகம் வேண்டாம். வாடிக்கையாளர் கேட்டால் காரணத்தைச் சொல்லுங்கள். 1939இல் அரசு சுமார் 24.5 லட்சம் பிரதிகள் அச்சடித்தது. பெரிய குண்டுவீச்சுக்கென்று எடுத்து வைத்து, கடைசியில் பெரும்பாலும் கூழாக்கியது. 2000இல் ஆல்ன்விக் என்ற ஊரில், பழைய ரயில் நிலையத்தில் நடக்கும் பார்ட்டர் புக்ஸ் கடையில் ஒரு பிரதி கிடைத்தபிறகுதான் உலகமெங்கும் கோப்பையில் ஏறியது. போர்க்கால பிரிட்டன் அதை அநேகமாகப் பார்த்ததே இல்லை.

சின்ன விஷயங்கள், ஆனால் இவற்றில்தான் சாயம் வெளுக்கும்

மென்பொருளில் மொழியை யுகே ஆங்கிலம் என்று மாற்றுங்கள். மேற்கோளுக்கு ஒற்றைக் குறி. மிஸ்டர் சுருக்கத்துக்குப் பிறகு புள்ளி வராது. இடைக்கோடு குறுகியது, இருபக்கமும் இடம் விட்டு. நேரத்தில் மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவே புள்ளி: 7.30. தேதியில் நாள் முதலில், மாதம் அடுத்து. அங்கே வாழ்ந்தவர் கண் இதில்தான் முதலில் போகும்.

ஒரு சுவரொட்டிக்கு இரண்டு நிறத்துக்கு மேல் வேண்டாம். கொடியின் நீலத்தையும் சிவப்பையும் சேர்த்து வைக்கவே வைக்காதீர்கள்.

தமிழ் விளக்கவரிக்கு 'ஹிந்த் மதுரை', 'முக்தா மலர்' இரண்டும் நல்லவை. இலவசம், ஆங்கிலமும் கூடவே வரைந்திருக்கிறார்கள். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது. ஆங்கிலம் முழுக்கப் பெரிய எழுத்தில் இருந்தால் தமிழை அதன் உயரத்துக்கு நீட்டாதீர்கள். சற்றுக் குறைத்து, கனத்தை மட்டும் ஒப்பிடுங்கள். ஆங்கில வரிக்கு எழுத்திடைவெளி கூட்டும்போது தமிழ் வரியையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். கூடாது. 'கொ' மூன்று துண்டாகும்: கொம்பு ஒரு பக்கம், ககரம் நடுவில், கால் இன்னொரு பக்கம். தமிழுக்கு இடைவெளி பூஜ்யமாகவே இருக்கட்டும். சாய்த்து எழுதவும் வேண்டாம்.

ஃப்ளெக்ஸில் அடிக்காதீர்கள். பளபளப்பில் கறுப்பு கறுப்பாக இருக்காது, டியூப்லைட் வெளிச்சம் எழுத்தின் மேலேயே விழும். ஏ2 அளவில், மேப்லித்தோ தாளில் ஸ்கிரீன் பிரிண்டிங் அடித்தால் மை தாளில் உட்காரும். இரண்டு நிறம்தான் என்பதால் செலவும் கட்டும். சிப்ஸ் கடை விலைப்பட்டியலை மட்டும், பில் புக் அடிக்கும் டிரெடில் மெஷின் இன்னும் ஓடுகிற பிரஸ் ஏதாவது கிடைத்தால், ஈய எழுத்துக் கோத்து அடித்துப் பாருங்கள். அந்த அழுத்தம் வேறு எதிலும் வராது.

பிரஸ்ஸுக்கு அனுப்பும் முன் எல்லா எழுத்தையும் அவுட்லைனாக மாற்றிவிடுங்கள். நம் பக்கத்து அச்சகங்களில் யூனிகோடு இல்லாத, பாமினி வகைப் பழைய எழுத்துருக்கள் இன்னும் இருக்கின்றன. அவர்கள் கோப்பைத் திறந்து எழுத்துருவை மாற்றினால் பவுண்டுக் குறி இருந்த இடத்தில் ஏதாவது ஒரு தமிழ் எழுத்து வந்து நிற்கும். முதல் பிரதி எடுத்ததும் விலைப்பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை, பவுண்டுக் குறிகளை மட்டும் பார்த்துக்கொண்டு வாருங்கள். அதற்குப் பிறகு மெஷினை ஓட்டச் சொல்லலாம்.